பட்டாளத்துத் தம்பி கேட்ட கேள்வி



நீளமான பதிவு இது. வேலையில் இருப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக வாசித்தால் போதும். பேசப்போவது ஆதித் திருச்சபையின் சரித்திரம். ஆனால் கிறிஸ்தவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. என் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்துதான் படித்தீர்கள். இதையும் அப்படியே சேர்ந்து வாசியுங்கள்.

என்னிடம் படித்த தம்பி ஒருவன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். பெயர் வேண்டாம். லீவில் ஊருக்கு வந்தவன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். "டீச்சர், எங்க வாலிபர் கூட்டத்துல ஒரு அண்ணன் பேசினாங்க. முதல் முந்நூறு வருஷம் கிறிஸ்தவன் ஒருத்தன்கூட பட்டாளத்துல சேரலையாம். ஆயுதம் எடுத்தவன் கிறிஸ்தவனே இல்லையாம். அப்ப நான் யாரு டீச்சர்?"

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, காலையில் நாலு மணிக்கு எழுந்து ஓடிப் பழகி, ஆள்சேர்ப்பு முகாமில் தேறிப் போன பிள்ளை அவன். அவன் சம்பளத்தில்தான் வீட்டுக்கு காங்கிரீட் கூரை வந்தது, தங்கச்சி நர்சிங் முடித்தாள். அப்படிப்பட்ட பிள்ளை 'நான் யாரு' என்று கேட்டால், 'அதெல்லாம் யோசிக்காதே தம்பி, ஜெபம் பண்ணு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? கொஞ்ச நாள் டைம் கொடு என்று சொன்னேன். வீட்டில் இருந்த சபைச் சரித்திரப் புத்தகங்களை எடுத்து வைத்து வாசித்தேன். மகனிடம் சொல்லி இன்னும் சிலவற்றை வரவழைத்தேன். அவன் அனுமதியோடு பதிலை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த அண்ணன் சொன்னதில் எது உண்மை?

பாதி உண்மை. அந்தப் பாதி லேசானதும் அல்ல. முதல் மூன்று நூற்றாண்டுகளில் சபையின் போதகர்கள் எழுதியவை நம் கையில் இருக்கின்றன. அவற்றில் கிறிஸ்தவன் படைக்குப் போய்க் கொல்லலாம் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாம் எதிர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

கெத்செமனே தோட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது பேதுரு வாளை உருவி, பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காதை வெட்டிவிட்டார். மல்குஸ் என்பது அந்த வேலைக்காரன் பெயர். இயேசு வாளை உறையில் போடச் சொன்னார். அதோடு விடாமல், தன்னைப் பிடிக்க வந்தவனின் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற போதகர், அன்றைக்குப் பேதுருவுக்குச் சொன்னது எல்லாப் போர்வீரர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான் என்று வாதாடினார். இது சுமார் கி.பி. 200ஐ ஒட்டிய காலம். நூறு ஆண்டுக்குப் பிறகு லக்தான்சியுஸ் என்ற இன்னொருவர், நீதிமானுக்குப் போர்த்தொழில் ஆகாது, எந்த வழியாகக் கொன்றாலும் கொலை கொலையே என்ற கருத்தில் எழுதினார்.

ஹிப்போலித்து என்பவரின் பெயரால் வழங்கும் பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று உண்டு. ஞானஸ்நானத்துக்கு வருகிறவனிடம் முதலில் அவன் தொழிலை விசாரிக்க வேண்டும் என்கிறது அது. கிளாடியேட்டர் சண்டை போடுகிறவனா? விட்டுவிட வேண்டும். சிலை செய்கிறவனா? சிலை செய்வதை நிறுத்த வேண்டும். படையில் இருக்கிறவன் வந்தால் அவனுக்குச் சொல்லவேண்டியது: கொல்லாதே, கொல்லச் சொல்லிக் கட்டளை வந்தாலும் செய்யாதே, சத்தியப் பிரமாணமும் எடுக்காதே. ஏற்கெனவே விசுவாசத்துக்குள் வந்துவிட்ட ஒருவன் புதிதாகப் படையில் சேர நினைத்தால் அவனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பட்டியலில் நம் தொழிலும் இருக்கிறது, சிரிக்காதீர்கள்! பிள்ளைகளுக்கு உலகக் கல்வி சொல்லிக் கொடுக்கிறவன் அதை விட்டுவிட்டால் நல்லது, வேறு பிழைப்பு இல்லையென்றால் போகட்டும், அனுமதிக்கலாம் என்று போட்டிருக்கிறது. முப்பத்தாறு வருஷம் வாய்ப்பாடும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த வரி கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. அந்தக் காலத்துப் பாடங்களில் எல்லாம் ரோமக் கடவுள்களின் கதைகளே நிறைந்திருந்ததால் வந்த விதி அது. சபை அன்றைக்கு எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, மற்றப் பாதி என்ன? 'ஒருத்தன்கூடச் சேரவில்லை' என்பது சரியல்ல. அதே தெர்த்துல்லியன் 197இல் ரோம அதிகாரிகளுக்கு எழுதிய நியாய நூலில், எங்களை ஒதுங்கி வாழும் கூட்டம் என்கிறீர்களே, உங்கள் சந்தையிலும் கப்பலிலும் படை முகாமிலும்கூட நாங்கள் இருக்கிறோமே என்ற பொருளில் பேசுகிறார். படையில் கிறிஸ்தவர்கள் இல்லாவிட்டால் அப்படி எழுத முடியுமா? படைக்குப் போகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்ததற்குக் காரணமே, போகிறவர்கள் இருந்ததுதான். வகுப்பில் நான் 'பேசாதீங்க, பேசாதீங்க' என்று பத்துத் தடவை சொன்னால் வகுப்பு அமைதியாக இருந்தது என்றா அர்த்தம்?

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தே ஒரு சாட்சி வந்தது. இஸ்ரேலில் மெகிதோ என்ற இடத்தில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அதன் வளாகத்தில் தோண்டியபோது, 2005இல், கிறிஸ்தவர்களின் மிகப் பழைய ஜெபக்கூடம் ஒன்றின் தரை கிடைத்தது. சிறைக் கைதிகளும் அந்த அகழ்வு வேலையில் இருந்தார்கள். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்த அந்தத் தரையில், சின்னச் சின்னக் கற்களைப் பதித்து ஒரு கிரேக்கக் கல்வெட்டு இருக்கிறது. கயானுஸ் என்ற நூற்றுக்கு அதிபதி தன் சொந்தச் செலவில் இந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தான் என்ற செய்தி அதில் உள்ளது. பக்கத்திலேயே ரோமப் படை முகாம். அவனை அந்தக் கல்வெட்டு எப்படிக் குறிப்பிடுகிறது தெரியுமா? 'நம்முடைய சகோதரன்' என்று!

தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில் அங்கேயே இருக்கிறது. நீ யார்? சபை தன் போர்வீரன் ஒருவனை என்னவென்று கூப்பிட்டது என்பதைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறது.

ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் நான் உன்னை ஏமாற்றியதாகிவிடும். மறுத்தவர்களின் கதையையும் நீ முழுதாகக் கேட்க வேண்டும்.

இப்போது அல்ஜீரியாவில் இருக்கும் தெபெஸ்ஸா நகரத்துக்கு அன்று தெவெஸ்தே என்று பெயர். 295ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி அங்கே நடந்த ஒரு விசாரணையின் குறிப்பு இன்றைக்கும் இருக்கிறது. மாக்சிமிலியான் என்ற பையன். வயது 21, அதற்கு மேல் 3 மாதம், 18 நாள். அவன் அப்பா ஃபாபியுஸ் விக்டர். படைக்கு ஆள் சேர்ப்பதற்கான வரிப் பொறுப்பில் இருந்தவர். பையனை ஆளுநர் தியோன் முன் நிறுத்தினார்கள். உன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, என் பெயர் எதற்கு, நான் கிறிஸ்தவன், என்னால் படையில் சேர முடியாது என்றுதான் பதில் வந்தது. ஆளுநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உயரம் அளக்கச் சொன்னார். ரோம அளவில் 5 அடி 10 அங்குலம். படையில் சேர்ந்ததற்கு அடையாளமான ஈய முத்திரையைக் கழுத்தில் கட்டச் சொன்னார். பையன் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆளுநர் கல்நெஞ்சக்காரராகத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்து, உன் மகனுக்கு நீயாவது புத்தி சொல்லு என்கிறார். அப்பா சொன்ன பதிலின் சாரம்: அவன் விவரம் தெரிந்த பிள்ளை, தனக்கு எது நல்லது என்று அவனுக்கே தெரியும். பிறகு ஆளுநர் ஒரு கெட்டிக்காரக் கேள்வி கேட்டார். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வேலை செய்யவில்லையா?

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உயிர் போகப்போகிற அந்த நேரத்தில் இருபத்தொரு வயதுப் பிள்ளை என்ன சொல்லியிருக்கலாம்? அவர்கள் எல்லாம் கிறிஸ்தவர்களே இல்லை, துரோகிகள் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அவர்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், என்னால் தீமை செய்ய முடியாது என்ற கருத்தில்தான் பேசினான். படையில் இருக்கிறவர்கள் அப்படி என்ன தீமை செய்கிறார்கள் என்று ஆளுநர் விடாமல் கேட்டார். அவர்கள் செய்வது உங்களுக்கே தெரியும் என்றான். அவ்வளவுதான்.

வாளால் வெட்டத் தீர்ப்பு ஆயிற்று. படையில் சேருவதற்காக அப்பா அவனுக்குப் புது உடுப்பு எடுத்து வைத்திருந்தார். அதைத் தன்னை வெட்டப் போகிற காவலருக்கே கொடுத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். பொம்பேயானா என்ற பெண்மணி அவன் உடலைக் கேட்டு வாங்கி, கார்த்தேஜுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்.

மூன்று ஆண்டு கழித்து, 298இல், இன்றைய மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் மார்செல்லுஸ் என்ற நூற்றுக்கு அதிபதிக்கும் மரண தண்டனை. பேரரசரின் பிறந்தநாள் விழாவில், பட்டாளத்தார் எல்லோரும் பார்க்க, தன் இடுப்பு வாரைக் கழற்றி எறிந்துவிட்டார் அவர்.

ஏன் மறுத்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் விவாதம் இருக்கிறது. ரத்தம் சிந்தக் கூடாது என்பதாலா, படை முகாமில் பேரரசருக்கும் ரோமக் கடவுள்களுக்கும் பலி செலுத்தவேண்டி இருந்ததாலா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெர்த்துல்லியன் இரண்டையும் சொல்கிறார். மார்செல்லுஸ் விஷயத்தில் பேரரசர் வழிபாடு முன்னால் நிற்கிறது. ஹிப்போலித்து நூலும் லக்தான்சியுஸும் கொல்லுவதையே நேராகச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு ரோமர்களும் சும்மா இருக்கவில்லை. செல்சுஸ் என்ற தத்துவவாதி, எல்லோரும் உங்களைப்போல மறுத்துவிட்டால் பேரரசர் தனியாக நிற்பார், நாடு காட்டுமிராண்டிகள் கையில் போய்விடும் என்று கேட்டார். நம் டீக்கடையில் இன்றைக்கும் கேட்கிற கேள்விதான்: எல்லாரும் மாட்டேன்னா எல்லையை யாரு பார்க்கிறது? ஒரிகன் என்ற பெரிய மேதை 3ஆம் நூற்றாண்டின் நடுவில் பதில் எழுதினார். உங்கள் கோயில் பூசாரிகளின் கை ரத்தக்கறை படாமல் இருக்கவேண்டும் என்று அவர்களைப் போருக்கு அனுப்பாமல் விடுகிறீர்கள் அல்லவா, நாங்கள் எல்லோருமே அப்படிப்பட்ட ஆசாரியர்கள், ஜெபத்தால் பேரரசருக்கு உதவுகிறோம் என்பது அவர் வாதம். அழகான வாதம். ஆனால் எல்லையோரத்துக் கிராமத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தாய்க்கு அது போதுமா என்று கேட்டால், எனக்கு முழுத் திருப்தி இல்லை. செல்சுஸின் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

பிறகு நடந்தது எல்லாம் படுவேகம். 312இல் கான்ஸ்டன்டைன் மில்வியன் பாலத்துப் போரில் ஜெயித்து, கிறிஸ்தவர்கள் பக்கம் சாய்ந்தார். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள், சமாதான காலத்தில் ஆயுதத்தைக் கீழே போடுகிறவர்களைத் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். சமாதான காலம் என்று எதைச் சொன்னார்கள் என்பதில் வேறு வேறு விளக்கம் உண்டு. ஆனாலும் வருஷத்தைக் கவனியுங்கள். மாக்சிமிலியான் செத்து 19 வருஷம்தான் ஆகியிருந்தது. 416இல் வந்த ஒரு சட்டம், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களுக்குப் படையிலும் அரசுப் பணியிலும் இடமில்லை என்றது. படைக்கு வரமாட்டேன் என்றவர்களின் பேரப்பிள்ளைகளின் காலத்தில், அவர்களைத் தவிர மற்றவர்கள் படைக்கு வரக்கூடாது என்று ஆகிவிட்டது!

திருக்குறள் படித்த நமக்கு இந்தச் சிக்கல் புதிது இல்லை. கொல்லாமைக்கு ஒரு அதிகாரம் வைத்த வள்ளுவரே, படைமாட்சிக்கும் படைச்செருக்குக்கும் அதிகாரம் வைத்தார். ஆனால் கொல்லாமையைத் துறவறவியலிலும், படையைப் பொருட்பாலிலும் வைத்தார். சபையும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போயிற்று. குருமாரும் துறவிகளும் ஆயுதம் தொடக்கூடாது, மற்றவர்கள் நியாயமான போருக்குப் போகலாம் என்று ஆயிற்று. நியாயமான போர் எது என்று விளக்கிய அகஸ்டின்கூட, அப்படிப்பட்ட போரையும் நினைத்து ஞானி துக்கப்படவே செய்வான் என்றார். அந்தத் துக்கத்தைத்தான் பின்னால் வந்தவர்களில் பலர் வசதியாக விட்டுவிட்டார்கள்.

இனி சொல்லப்போவதை எங்கள் வீட்டிலேயே எல்லோருக்கும் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. தங்கச்சி, தம்பி இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 15 வருஷம் இருந்தவர் என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியும். 1965 சண்டைக்குப் போய் வந்தவர். அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கம் நம் தமிழில்தான்: 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'. தெருப் பையன்கள் வந்து, 'மாமா, அதை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க' என்று கெஞ்சுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, 'அது அங்க சொல்றதுடே, இங்க எதுக்கு?' என்று அனுப்பிவிடுவார். மெடல்களை டிரங்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். ரெஜிமெண்டைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் பொறுக்கமாட்டார். பட்டாளத்தில் இருந்ததற்காக அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

ஆனால் ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்த பிறகு, அவர் திருவிருந்து எடுக்கவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அப்பமும் திராட்சரசமும் வாங்கச் சபையார் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போடும் ஆராதனை அது. நாங்கள் சின்னப் பிள்ளைகள் முன்னால் பாயில் உட்கார்ந்திருப்போம். எனக்குப் பதினொரு வயசு. பக்கத்து வீட்டு மாமா போவார், பெரியப்பா போவார். அப்பா மட்டும் பின்வரிசையில் தலைகுனிந்து அப்படியே இருப்பார். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். வட்டித் தகராறு என்றார்கள், குடிப்பழக்கம் என்றார்கள். இரண்டும் கிடையாது. ஐயர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் ஐயா" என்று மட்டும் அப்பா சொன்னார். நல்லவேளை, அந்த ஐயர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டு, அப்பாவோடு சேர்ந்து கொஞ்ச நேரம் முற்றத்தில் சும்மா இருந்துவிட்டுப் போனார். எத்தனை வருஷம் அப்படி இருந்தார் என்று அம்மாவுக்கே பிறகு சரியாக ஞாபகம் இல்லை. ஒரு ஈஸ்டர் அன்றைக்கு எழுந்து போனார். அதன் பிறகு தவறவிட்டதில்லை. சண்டையில் என்ன நடந்தது என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தம்பியின் கேள்விக்காகப் படித்தபோது, 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த பேசில் எழுதிய ஒரு ஒழுங்கு விதி கண்ணில் பட்டது. போரில் கொல்லுவதை நம் முன்னோர் கொலைப் பாவத்தோடு சேர்க்கவில்லை என்கிறார். ஆனாலும் அவர்களின் கை சுத்தமாக இல்லாததால், மூன்று வருஷம் திருவிருந்து எடுக்காமல் இருக்கும்படி ஆலோசனை சொல்லலாம் என்கிறார்.

வாசித்ததும் எழுந்து போய் அப்பாவின் போட்டோ முன்னால் நின்றேன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பேசிலின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க வழியில்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய சபை ஒரு போர்வீரனிடம் எதிர்பார்த்ததை, யாரும் சொல்லாமலே தன் மனசாட்சியில் கண்டுகொண்டு செய்திருக்கிறார். ஊர் அதைக் குடி என்றது, வட்டி என்றது.

எனக்குப் பிடிபட்டது இதுதான். ஆதிச் சபை தன் போர்வீரனை எதிரியாகப் பார்க்கவில்லை. கொலையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கயானுஸைச் சகோதரன் என்றது, அதே மூச்சில் கொல்லாதே என்றது. கான்ஸ்டன்டைனுக்குப் பிறகும் பேசில் போன்றவர்கள் அந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பெரிய நஷ்டம் கிறிஸ்தவர்கள் படைக்குப் போனதில் வரவில்லை. போய்வந்தவனின் மனப்பாரத்தைச் சபை மறந்து, அவனுக்கு மாலையை மட்டும் போட்டு அனுப்பியதில்தான் வந்தது.

தம்பி, உனக்கு என் பதில்.

மாக்சிமிலியானைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டார்கள், அவன் மறுத்தான். நம் நாட்டில் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. நீயாக விரும்பிப் போனாய். ஆகவே அவன் கதையை அப்படியே உன்மேல் வைத்து, நீ கிறிஸ்தவன் இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவனே தன்னைத் தவிர வேறு யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லையே! யோர்தான் கரையில் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று யோவான்ஸ்நானனிடம் கேட்டபோது, அவர் வேலையை விடச் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்காதே, பொய்யாய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு என்றார். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இதைக் கையில் துப்பாக்கி இருக்கிறவன் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். நிராயுதபாணியை, சரணடைந்தவனை, பொதுஜனத்தைத் தொடச் சொல்லி ஒரு கட்டளை வந்தால், அங்கே நீ மாக்சிமிலியான்தான். ராணுவச் சட்டமும் நியாயமான கட்டளைக்குத்தான் கீழ்ப்படியச் சொல்கிறது.

துப்பாக்கி தூக்க மனசு ஒருநாள் முழுதாக இடம் கொடுக்காமல் போனால், அது கோழைத்தனம் இல்லை. ரோமப் படையில் இருந்த மார்ட்டின், சண்டைக்கு முன்னால் விடுதலை கேட்டபோது கோழை என்றார்கள். அப்படியானால் நாளைக்கு ஆயுதம் இல்லாமல் முன்வரிசையில் நிற்கிறேன் என்றார் அவர். 'ஹேக்ஸா ரிட்ஜ்' படம் பார்த்திருப்பாய். டெஸ்மண்ட் டாஸ் துப்பாக்கியையே தொடாமல், 1945இல் ஒகினாவாவில் மருத்துவச் சேவகராக இருந்து சுமார் 75 பேரைக் காப்பாற்றினார். வழிகள் உண்டு. முடிவு உன்னுடையது, தம்பி. அந்த அப்பா சொன்னதுபோல, நீ விவரம் தெரிந்த பிள்ளை.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், இயேசு சொன்னதை நேராக வாசிக்கும்போது கொல்வதற்கு அதில் இடம் எனக்குத் தெரியவில்லை. என் கையில் ஆயுதம் கொடுத்தால் வாங்கமாட்டேன். அதே சமயம், பனியில் விறைத்துக்கொண்டு நீ நிற்கிற தைரியத்தில்தான் நான் இங்கே கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றை மறைத்துவிட்டு உனக்குப் பாடம் நடத்தமாட்டேன்.

கடைசியாக, பட்டாளத்துக்குப் போகாத மற்ற எல்லோருக்கும் ஒன்று. எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைப் பார்க்கிறேன். அடி, அழி, ஒருத்தனையும் விடாதே என்று எத்தனை பதிவு! பக்கத்திலேயே காலை வசனமும் பூப்படமும். எங்கள் அப்பா உண்மையிலேயே சண்டைக்குப் போய்வந்தவர், அவர் தெருவில் அந்த முழக்கத்தைச் சொல்ல மறுத்தார். நாம் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம். பேசில் இன்றைக்கு இருந்தால், அந்த மூன்று வருஷத்தைப் போர்வீரனுக்குக் குறைத்துவிட்டு, இப்படி ஃபார்வர்டு பண்ணுகிற நமக்குக் கூட்டிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரில், உங்கள் கோவிலில், கோயிலில், பள்ளிவாசலில் பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். கொலைகாரன் என்றும் சொல்லாதீர்கள். எங்கள் ஐயர் செய்த மாதிரி ஒரு காப்பி குடித்துவிட்டு, அவரோடு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வாருங்கள்.

தம்பி, லீவு முடிந்து போகும் முன்னால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. போவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். போனாலும் போகாவிட்டாலும் நீ நம்முடைய சகோதரன்தான்.

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்